கையெழுத்துக்கு முன் ஒரு தாள்: துபாயில் டவுன்ஹவுஸ் விற்கும் தமிழ் முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

துபாயில் வீடு விற்கும் தமிழ் முகவர்களுக்கு வணக்கம்.

நான் இந்த ஊரில் கணக்கராக வேலை செய்கிறேன். வீட்டு விற்பனையோடு எனக்குத் தொழில்முறைத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் 2021க்குப் பிறகு விலை ஏறத் தொடங்கியதிலிருந்து தெரிந்தவர்களும், அவர்களுக்குத் தெரிந்தவர்களும் ஒப்பந்தக் கட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். "கொஞ்சம் படித்துப் பாருங்கள்" என்கிறார்கள். ஏறக்குறைய எல்லாமே கையெழுத்தான ஒப்பந்தங்கள். முன்பணம் கட்டிய பிறகு வருகிறார்கள். இரண்டு தவணை போன பிறகு வருகிறார்கள். சிலர் வேலை போன பிறகு வருகிறார்கள். கையெழுத்துக்கு முன்னால் வந்தவர்கள் அபூர்வம். அந்தக் கட்டத்தில் அவர்கள் உங்களை நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கட்டுமான நிறுவனங்களுக்கும் துபாய் நிலத்துறைக்கும் எழுதுவதை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதக் காரணம் அதுதான். அரபியிலும் ஆங்கிலத்திலும் ஐம்பது பக்கம் ஓடும் ஒப்பந்தத்தை நம்மவர்கள் வரி வரியாகப் படிப்பதில்லை. ஆம்பூர்க்காரரோ அறந்தாங்கிக்காரரோ, தன் மொழி பேசும் ஒருவர் எதிரே உட்கார்ந்து "அண்ணா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் அந்தச் சொல்லை நம்பித்தான் பேனாவை எடுக்கிறார். நிறுவனத்தின் விளம்பரத்துக்கு இல்லாத மதிப்பு உங்கள் சொல்லுக்கு இருக்கிறது. ஆகவே கேட்க வேண்டியதையும் உங்களிடமே கேட்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வாங்காதீர்கள் என்று மக்களிடம் சொல்ல நான் எழுதவில்லை. கராமாவிலும் குசைஸிலும் இரண்டு அறை வாடகை வீட்டில் பத்துப் பதினைந்து ஆண்டுகளைக் கழித்த குடும்பம், சொந்தமாக ஒரு மாடிப்படியும் வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடியும் வேண்டும் என்று ஆசைப்படுவதில் எந்தத் தவறும் இல்லை. 2006ஆம் ஆண்டின் 7ஆம் எண் சட்டத்துக்குப் பிறகு, குறிப்பிட்ட பகுதிகளில் வெளிநாட்டவர் முழு உரிமையோடு வீடு வாங்க இங்கே தெளிவான வழி இருக்கிறது. அப்படி வாங்கி நிம்மதியாகக் குடியிருப்பவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களில் பலருக்கு உங்களில் ஒருவர்தான் நல்ல வழி காட்டியிருக்கிறார்.

ஆனால் நீங்கள் விற்கும் டவுன்ஹவுஸ்களில், அதாவது பக்கச் சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டும் மாடி வீடுகளில், பெரும்பாலானவை இன்னும் கட்டி முடியாதவை. மணலில் கயிறு கட்டி அளந்து வைத்த மனை, கணினியில் வரைந்த படம், மூன்றாண்டுத் தவணைத் திட்டம், இவைதாம் கையில் இருக்கும் சரக்கு. உள்ளே வரும் வழியை நீங்கள் மிக நன்றாகச் சொல்கிறீர்கள். 10 சதவீதம் முன்பணம், மாதம் 1 சதவீதம், 20 லட்சம் திர்ஹம் மதிப்பு இருந்தால் கோல்டன் விசா என்ற நீண்டகாலக் குடியிருப்பு விசா, வாஸ்துப்படி கிழக்கு வாசல். பாதியில் வெளியேற நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. வெளிநாட்டில் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி அதுதான். அவருடைய விசாவும் வேலையும் ஒரே முடிச்சில் கிடக்கின்றன.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 20 லட்சம் திர்ஹம் டவுன்ஹவுஸ், 60க்கு 40 திட்டம்: சாவிக்கு முன் 60 சதவீதம், சாவியின்போது 40. முன்பணம் 2 லட்சம். கட்டுமானம் நடக்கும் மூன்று ஆண்டில் 10 லட்சம். சாவி கொடுக்கும்போது 8 லட்சம். இதோடு நிலத்துறைப் பதிவுக் கட்டணம் 4 சதவீதம், அதாவது 80,000 திர்ஹம், தொடக்கத்திலேயே வாங்குபவர் கையிலிருந்து போகிறது. (2013 அக்டோபர் வரை அது 2 சதவீதமாக இருந்தது.) நடுவில் வரும் 10 லட்சத்தை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ஏறக்குறைய 27,800 திர்ஹம். ஆண்டுக்கு 80,000 திர்ஹம் வாடகை கட்டுகிற குடும்பம் என்றால் அதுவும் மாதம் 6,700 வரை வருகிறது. மூன்று ஆண்டுக்கு இரண்டையும் சேர்த்தே தூக்க வேண்டும். என்னிடம் வருபவர்களில் பலருக்கு மாதச் சம்பளமே இந்தக் கூட்டுத்தொகையைவிடக் குறைவு. மீதி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நகை, ஊரில் இருக்கும் நிலம், மனைவியின் சேமிப்பு, மைத்துனரிடம் கைமாற்று என்கிறார்கள்.

ஊர் நிலத்தை விற்றுக் கட்டிவிடலாம் என்று நீங்களே சொல்லிக்கொடுப்பதையும் கேட்டிருக்கிறேன். விற்கலாம்தான். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர், இந்திய வருமானத்தைப் போட்டு வைக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்ப வழி இருக்கிறது. ஆனால் மூலதன ஆதாய வரி, பட்டயக் கணக்காளர் சான்று, வங்கியின் கேள்விகள் எல்லாம் முடிந்து பணம் வந்து சேரும் வரை தவணைத் தேதி காத்திருக்காது. ரூபாய்க் கணக்கும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது; ரூபாய் அப்படி இல்லை. 2013 தொடக்கத்தில் 15 ரூபாய்க்கும் குறைவாக இருந்த ஒரு திர்ஹம் 2025இல் 23 ரூபாய்க்கு மேல் இருந்தது. ரூபாயில் சேமித்து திர்ஹமில் தவணை கட்டுபவருக்கு வீட்டின் விலை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகிறது.

இப்போது அந்த மனிதருக்கு வேலை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2008ஆம் ஆண்டின் 13ஆம் எண் சட்டமும் பின்னர் அதில் செய்யப்பட்ட திருத்தங்களும், தவணை தவறியவரை என்ன செய்யலாம் என்பதைத் தெளிவாக வரையறுத்திருக்கின்றன. நிறுவனம் நிலத்துறையிடம் போகும். நிலத்துறை 30 நாள் அறிவிப்புக் கொடுக்கும், சமரசத்துக்கும் முயலும். அதற்குப் பிறகும் தீரவில்லை என்றால் நிறுவனம் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். கட்டுமானம் தொடங்கி 60 சதவீதத்துக்குக் குறைவாக முடிந்திருந்தால் ஒப்பந்த விலையில் 25 சதவீதம் வரை நிறுவனம் வைத்துக்கொள்ளலாம். 60 முதல் 80 சதவீதம் வரை முடிந்திருந்தால் 40 சதவீதம் வரை. இங்கே கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இது கட்டிய பணத்தில் 25 சதவீதம் இல்லை, வீட்டின் விலையில் 25 சதவீதம். 20 லட்சம் திர்ஹம் வீட்டுக்கு அது 5 லட்சம். முன்பணமும் ஏறக்குறைய பதினொரு மாதத் தவணையும் சேர்த்து 5 லட்சம் கட்டியிருப்பவருக்குத் திரும்பக் கிடைப்பது ஒன்றும் இல்லாமல் போகலாம். 80,000 திர்ஹம் பதிவுக் கட்டணம் வேறு போயிற்று. அதற்கு மேல் கட்டியிருந்தால் மீதிப் பணம் வரும். அதுவும் உடனே வராது. ரத்தான நாளிலிருந்து ஓராண்டுக்குள், அல்லது அந்த வீடு வேறொருவருக்கு விற்கப்பட்ட 60 நாளுக்குள், எது முன்னதோ அப்போது.

இதை வேறொருவருக்கு விற்றுவிட்டு வெளியேறலாமே என்பீர்கள். முன்பணம் வாங்கும்போது நீங்கள் சொல்வதும் அதுதான்: "தேவைப்பட்டால் நடுவில் லாபத்துக்கு விற்றுவிடலாம்." ஒப்பந்தத்தைப் பிரித்துப் பாருங்கள். 30 அல்லது 40 சதவீதம் கட்டி முடித்த பிறகுதான் மறுவிற்பனைக்குத் தடையின்மைச் சான்று தருவோம் என்பது பல நிறுவனங்களின் நிபந்தனை. 25 சதவீதம் கட்டிய நிலையில் வேலை போனவருக்கு விற்கவும் வழியில்லை, தொடரவும் பணமில்லை. எங்கள் அலுவலகக் கட்டடத்தில் வேறொரு நிறுவனத்தில் இருந்த, இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பனார் ஒருவர் சரியாக இந்த இடத்தில் மாட்டிக்கொண்டார். அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இது முன்னாடியே எழுதியிருந்ததா சார்?" எழுதியிருந்தது, பின்பக்கங்களில், தெளிவான ஆங்கிலத்தில். அவரிடம் வீட்டை விற்ற முகவர் அவர் மாவட்டத்துக்காரர், நல்ல மனிதர் என்றும் சொன்னார். எனக்கு அதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

வேலை போனால் காப்பீடு இருக்கிறதே என்று சிலர் நினைக்கிறார்கள். 2023இல் கட்டாயமாக்கப்பட்ட வேலையிழப்புக் காப்பீடு நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அது அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், அதிகபட்சம் மூன்று மாதம். மொத்தச் சம்பளம் 22,000, அதில் அடிப்படை 11,000 என்றால் கையில் வருவது 6,600. வாடகைக்கே அது சரியாகப் போய்விடும்.

அடுத்தது, "எஸ்க்ரோ இருக்கிறது, பயமே வேண்டாம்" என்ற வாக்கியம். எஸ்க்ரோ என்பது நிறுவனம் இஷ்டப்படி எடுக்க முடியாதபடி தனியாக வைக்கும் வங்கிக் கணக்கு. 2007ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டப்படி வாங்குபவர்களின் பணம் அந்தந்தத் திட்டத்துக்கான எஸ்க்ரோ கணக்கில் போட வேண்டும், அந்தத் திட்டத்தின் கட்டுமானத்துக்கே செலவாக வேண்டும். வேலை முடிந்த பிறகும் 5 சதவீதம் ஓராண்டு நிறுத்தி வைக்கப்படுகிறது. 2008 இறுதியில் சந்தை விழுந்து பல திட்டங்கள் பாதியில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சட்டத்தின் அருமை தெரியும். ஆனால் அந்தப் பாதுகாப்பு, பணம் வேறு திட்டத்துக்குத் திருப்பிவிடப்படுவதிலிருந்துதான். வாங்கியவர் தவணை தவறினால் எஸ்க்ரோ அவரைக் காப்பாற்றாது. சாவி ஒன்றரை ஆண்டு தாமதமாக வந்தாலும் காப்பாற்றாது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் "எஸ்க்ரோ" என்று மட்டும் சொல்வது கேட்பவரைத் தவறான நம்பிக்கையில் விடுவது ஆகும்.

தாமதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பார்த்த ஒப்பந்தங்களில் குறித்த தேதிக்கு மேல் 12 மாதம் வரை நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம் என்ற பிரிவு திரும்பத் திரும்ப வருகிறது. நீங்கள் "2027 டிசம்பர்" என்கிறீர்கள். ஒப்பந்தமோ 2028 டிசம்பர் வரை இடம் கொடுக்கிறது. அந்த ஓர் ஆண்டு வாடகை யார் பையிலிருந்து போகும்? 80,000 திர்ஹம் சிறிய தொகை இல்லை. பிள்ளைகளின் பள்ளியைப் புது வீட்டுக்குப் பக்கத்தில் மாற்றிவிட்டு, தினமும் குசைஸிலிருந்து எமிரேட்ஸ் சாலை வழியாக அவர்களைக் கொண்டுபோய் விடும் தாயைக் கேட்டால் அந்த ஆண்டின் விலை இன்னும் நன்றாகத் தெரியும்.

சாவி வரும் நாளுக்கான 8 லட்சத்தை வங்கி தந்துவிடும் என்று சொல்கிறீர்கள். தரலாம். மூன்று ஆண்டுக்குப் பிறகு இருக்கும் சம்பளத்தையும் வயதையும் வேறு கடன்களையும் அன்றைய வீட்டு மதிப்பையும் பார்த்து வங்கி முடிவு செய்யும். எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடன் காலம் அதிகபட்சம் 25 ஆண்டு. இன்று தொலைபேசியில் கிடைக்கும் "முன் அனுமதி"க்கு அன்று எந்த மதிப்பும் இராது. 2014க்குப் பிறகு 2020 வரை இங்கே விலை மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருந்ததை உங்களில் மூத்தவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். அந்தச் சமயத்தில் சாவி வாங்கியவர்கள், ஒப்பந்த விலைக்கும் வங்கி மதிப்புக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் கைப்பணத்தால் நிரப்ப வேண்டியிருந்தது. 2021க்குப் பிறகு வந்த இளைய முகவர்கள் ஏறும் சந்தையை மட்டுமே பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு மூத்தவர்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

சர்வீஸ் சார்ஜ், அதாவது குடியிருப்பின் பொதுப் பராமரிப்புக் கட்டணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சதுர அடிக்கு ஆண்டுக்கு எத்தனை திர்ஹம் என்று ஒரு வரி சொன்னால் போதும். சதுர அடிக்கு 3 திர்ஹம், 2,000 சதுர அடி என்றால் ஆண்டுக்கு 6,000. கட்டத் தவறினால் அது வீட்டின் மேல் பாரமாக ஏறும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதேபோல் வீட்டின் இடம். அல் ஐன் சாலை ஓரத்திலும் குத்ரா சாலைப் பக்கத்திலும் முளைக்கும் குடியிருப்புகளில் இன்று மெட்ரோ கிடையாது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இரண்டாவது கார் அநேகமாக நிச்சயம். நடுவீட்டுக்கும் ஓர வீட்டுக்கும், முதுகோடு முதுகு ஒட்டிய வரிசைக்கும் தனி வரிசைக்கும் உள்ள வேறுபாட்டைப் படத்தில் காட்டாமல் மனைத் திட்ட வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள். கிழக்கு வாசல் பார்க்க வரைபடத்தை எடுப்பீர்கள் அல்லவா, அப்போதே இதையும் காட்டிவிடலாம்.

இன்னொன்றைப் பேசத் தயங்குகிறோம், ஆனால் பேசாமல் விட முடியாது. வாங்கியவர் தவணை நடுவில் இறந்துவிட்டால்? முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டத்தின்படி, உயில் இல்லையென்றால் பாதி வாழ்க்கைத் துணைக்கும் பாதி பிள்ளைகளுக்கும் போகும். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரியத் பங்கீடு. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இருந்து வந்தவர்கள் அந்தப் பங்கீட்டை அறிந்தவர்கள்தாம். ஆனால் கட்டி முடியாத வீட்டின் மீதித் தவணையும் வாரிசுகள் தலையில் வரும் என்பதை எல்லோரும் யோசிப்பதில்லை. உயில் பதிவு செய்யச் சொல்லுங்கள், முடிந்தால் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வாங்கச் சொல்லுங்கள். இதற்கு உங்களுக்குக் கமிஷன் இல்லை என்பது தெரியும்.

கமிஷன் என்ற பேச்சு வந்துவிட்டது. கட்டி முடியாத வீட்டுக்கு வாங்குபவரிடம் நீங்கள் பெரும்பாலும் கமிஷன் வாங்குவதில்லை. "உங்களுக்கு எங்கள் சேவை இலவசம்" என்கிறீர்கள். உங்களுக்குப் பணம் தருவது கட்டும் நிறுவனம். அதில் சட்ட மீறல் எதுவும் இல்லை, உழைப்புக்குக் கூலி வாங்குவது உங்கள் உரிமை. ஆனால் இந்த உண்மையை வாங்குபவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். "அண்ணா, இந்த வீட்டை விற்றால் எனக்கு நிறுவனம் இவ்வளவு சதவீதம் தரும்" என்று நீங்கள் சொன்னால் அவர் எழுந்து போய்விட மாட்டார். நீங்கள் சொல்வதில் எதை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று அவர் முடிவு செய்துகொள்வார். அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பு அவருக்கு உண்டு என்றுதான் சொல்கிறேன்.

நான் கேட்பது ஒரு தாள். தமிழில், ஒரே பக்கம். முன்பணக் காசோலை வாங்கும் முன் வாங்குபவர் கையில் அது இருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் உட்பட மொத்தம் எவ்வளவு, எந்த மாதம் எவ்வளவு என்பது அதில் இருக்கட்டும். தவணை தவறினால் நிறுவனம் அதிகபட்சம் எவ்வளவு திர்ஹம் வைத்துக்கொள்ளலாம் என்பதைச் சதவீதமாக விடாமல் அந்த வீட்டின் விலைக்குக் கணக்குப் போட்டு எழுதுங்கள். எத்தனை சதவீதம் கட்டிய பிறகு மறுவிற்பனை செய்யலாம், சாவித் தேதிக்கு மேல் எத்தனை மாதம் ஒப்பந்தம் இடம் கொடுக்கிறது, ஆண்டுக்கு சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு என்பவையும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒப்பந்தத்தின் பிரிவு எண். கீழே உங்கள் பெயரும் முகவர் பதிவு எண்ணும். விளம்பரத்தில் அனுமதி எண்ணும் கியூஆர் குறியும் போடத்தான் செய்கிறீர்கள். இது அதைவிடச் சிறிய வேலை. கட்டுமானம் எவ்வளவு முடிந்திருக்கிறது என்பதை நிலத்துறையின் துபாய் ரெஸ்ட் செயலியில் பார்க்கலாம் என்பதையும், அதை எப்படிப் பார்ப்பது என்பதையும் அவர் கைபேசியிலேயே காட்டிவிடுங்கள்.

அத்துடன் ஓர் இரவு அவகாசமும் கொடுங்கள். நட்சத்திர விடுதியில் விற்பனைத் திருவிழா நடத்தி, மேடையில் ஒலிபெருக்கி வைத்து, "இன்னும் நான்கு வீடு, மூன்று வீடு" என்று எண்ணிக்கொண்டிருக்கும் இடத்தில் யாருக்கும் நிதானம் வராது. சென்னை, கோவை என்று அங்கேயும் போய் நடத்துகிறீர்கள். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், மனைவியோடு உட்கார்ந்து படித்துவிட்டு, மறுநாள் வந்து கட்டட்டும்.

இப்படிச் சொன்னால் வாடிக்கையாளர் பக்கத்து மேசைக்குப் போய்விடுவார் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். சிலர் போவார்கள்தான். பக்கத்து மேசையில் இருப்பவரும் தமிழராக இருந்தால் அவரிடமும் இதே தாளைக் கேட்கச் சொல்லி நான் என்னைத் தேடி வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லப்போகிறேன். உங்கள் தொழில் பெரும்பாலும் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி நடக்கிற தொழில். ஒரு குடும்பத்துக்கு வாங்கிக்கொடுத்தவரிடம்தான் அண்ணன், மச்சான், அலுவலக நண்பர் என்று அடுத்த ஐந்து பேர் வருகிறார்கள். பணத்தை இழந்த குடும்பத்திலிருந்து அந்த ஐந்து பேரும் வர மாட்டார்கள்.

இதை இந்த மாதமே தொடங்கலாம். உங்களில் யாராவது ஒருவர் இப்போது கையில் இருக்கும் திட்டத்துக்கு அப்படி ஒரு தாள் தயாரித்தால், கணக்குகளைச் சரிபார்த்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். கட்டணம் வேண்டாம். விடுமுறை நாளில் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
துபாயில் வாழும் ஒரு தமிழ்க் கணக்கர்